சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல்

ஆசியா உம்மாளின் மார்பில் கட்டி இருக்கிற சங்கதி அந்த வீட்டில் முதலில் தெரிந்தது அவளுடைய நாத்தனார் சர்புன்னிசாவுக்குத்தான். அதுவும் ஆசியா தானாக வந்து சொல்லித் தெரியவில்லை.

லால்பேட்டையில் கொடிக்கால் வைத்திருக்கிற வீடுகளில் பிற்பகல் என்றாலே வெற்றிலை வேலைதான். காலையில் ஆட்கள் கிள்ளிக்கொண்டு வந்து போட்ட இலை, கூடத்தில் ஈரச் சாக்கின் கீழே குவிந்து கிடக்கும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பழுப்பையும் பூச்சி கடித்ததையும் கழித்துவிட்டு, நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவார்கள். அந்தத் தெருவிலேயே ஆசியாவின் கை வேகமான கை. எண்ணுகிறாளா, சும்மா தடவிக்கொண்டு போகிறாளா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த ஆவணியில் அந்தக் கை தடுமாறத் தொடங்கியது. கட்டின கவுளியைக் கூடையில் வைக்கும்போதெல்லாம் இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். சர்புன்னிசா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சர்புன்னிசா ஆசியாவின் புருஷன் ஜமாலுதீனின் அக்கா; அவர் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். அவள் வந்த பிறகுதான் அமீருன்னிசா பிறந்தாள். பிள்ளைக்குப் பாலூட்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இரண்டு பெண்களும் பங்கு போட்டுக்கொண்டுதான் வளர்த்தார்கள். நாத்தனார் வீட்டோடு இருந்தால் சண்டை வரும் என்று தெரு எதிர்பார்த்தது. வரவில்லை.

அன்று மற்றப் பெண்கள் போன பிறகு, கிணற்றடியில் குளிக்கப் போன ஆசியாவின் பின்னாலேயே சர்புன்னிசாவும் போனாள்.

“கையில இன்னா புள்ள?”

“ஒண்ணுமில்ல மதினி. சுளுக்கு.”

“சுளுக்குன்னா எண்ண போட்டு நீவி வுடறேன், காட்டு.”

ஆசியா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, “அந்தப் படலச் சாத்துங்க” என்றாள். நாத்தனாரின் கையைப் பிடித்து, தன் இடது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி வைத்தாள். கொட்டைப்பாக்கு அளவு. விரலால் அழுத்தினால் நகரவில்லை.

“வலிக்குதா?”

“வலிச்சிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேனே. வலியே இல்ல மதினி. அதுதான் பயமா இருக்கு. எங்கம்மாவுக்கும் வலியே இல்லன்னுதான் சொன்னாங்க.”

சர்புன்னிசாவின் கை சட்டென்று விலகிவிட்டது. ஆசியாவின் தாய் செத்த கதை அவளுக்குத் தெரியும். பின்கட்டில் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். புண்ணாகிப்போய், வாடை தெரியாமலிருக்க நாள் முழுக்கச் சாம்பிராணி போட்டார்கள். வெளியில் காய்ச்சல் என்று சொன்னார்கள். எப்படியோ விஷயம் கசிந்து, ஆசியாவின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த இடம், தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சொல்லி விலகிக்கொண்டது. அந்தத் தங்கைக்கு அதற்கப்புறம் இரண்டாம் தாரமாகத்தான் வாழ்க்கை அமைந்தது.

“நாளைக்கே ஜமாலுகிட்ட சொல்லி சிதம்பரத்துக்குப் போவோம். அங்க பொம்பள டாக்டர் இருக்காங்களாம்.”

“வேணாம் மதினி. அமீருக்கு நிக்காஹ் ஆவட்டும். பெருநா கழிச்சு மாப்புள வந்துருவாரு. அது முடிஞ்ச மறுநா நானே வர்றேன்.”

“அதுவரைக்கும் இது சும்மா இருக்குமாடி?”

“இருக்கும். சிதம்பரம் போனா பஸ்ஸுல பாக்குறவ பத்து பேர்கிட்ட சொல்லுவா. ஓ.டி.ல மாப்புள வூடு வரைக்கும் போவும் சேதி. எந்தங்கச்சி கதி எம்பொண்ணுக்கு வரணுமா? அமீரு தல மேல சத்தியமா சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு.”

சர்புன்னிசா சொன்னாள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டதால் சொன்னாள்.

அமீருன்னிசாவுக்குப் பேசி முடித்திருந்த இடம் கடலூர் பழைய பட்டணம். ஊரார் ஓ.டி. என்பார்கள். மாப்பிள்ளை ஹபீபுல்லாவுக்குப் பினாங்கில் மளிகைக் கடை வேலை. தகப்பன் நைனா முகம்மது அங்கேயே கடை வைத்திருந்து அங்கேயே மௌத்தாகிவிட்டவர். தாய் செய்னம்பு ஊரில் தனியாக இருந்தாள். புரட்டாசியில் ஒருநாள் அவள் பெண்ணுக்கு உடுப்பு, பூ, மிட்டாய் எல்லாம் எடுத்துக்கொண்டு லால்பேட்டைக்கு வந்தாள். செய்னம்பு உயரமானவள். வெள்ளைத் துப்பட்டியை மேலுக்கு இறுக்கி இழுத்துப் போட்டிருப்பாள். வீட்டுக்குள் பெண்கள் மத்தியில்கூட அதைத் தளர்த்தவில்லை.

நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி, வீராணத்து விரால் மீன் வறுத்து வைத்திருந்தாள் ஆசியா. வாசலில் செய்னம்பு அவளைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னபோது, ஆசியா இடது தோளைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். செய்னம்பு விலகி நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். பார்வை முகத்திலிருந்து கைக்கு இறங்கியது.

“ஒடம்பு நல்லாருக்கா சம்பந்தி?”

“நல்லாருக்கேன். அல்லா புண்ணியத்துல.”

செய்னம்பு இன்னும் என்னவோ கேட்க வந்தவள்போல நின்றாள். பிறகு மீன் வாசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெருநாள் வந்து போனது. மாப்பிள்ளை வரவில்லை. கடையில் மாற்றாள் கிடைக்காததால் கப்பல் ஏற முடியவில்லை, மழை கழித்து வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஐப்பசியில் வீராணம் ஏரி நிரம்பி, கொடிக்கால் வரப்பெல்லாம் தண்ணீர் நின்றது. ஜமாலுதீன் இடுப்பளவு சேற்றில் நின்று வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் தங்கினால் கொடி வேர் அழுகிவிடும். வீடு வந்தால் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். மனைவி இளைத்துப் போனதைப் பார்க்கவே செய்தார். ஒருநாள் கேட்கவும் கேட்டார்.

“இன்னா, ஒரு மாதிரியா இருக்கே?”

“கல்யாண வேலைங்க. வேற இன்னா.”

அதற்குமேல் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் ஆசியா சும்மா இருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டாள். தாயத்துக் கட்டினாள், ஓதிய தண்ணீர் குடித்தாள். கட்டி கரைகிறது என்று நாத்தனாரிடம் சொன்னாள். சர்புன்னிசா தொட்டுப் பார்த்தாள். கரையவில்லை. பெரிதாகியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வரவில்லை. “ஆமா, கொஞ்சம் தேவலாம் மாதிரி இருக்கு” என்றாள்.

கார்த்திகையில் கல்யாணப் புடவை எடுக்க ஜமாலுதீனும் சர்புன்னிசாவும் சிதம்பரம் போனார்கள். மேலவீதியில் ஜவுளிக் கடையைவிட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எதிர்ப் பக்கத்தில் டாக்டரம்மாவின் பலகை தெரிந்தது. அதன் கீழே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். சர்புன்னிசா அந்தக் கதவையே பார்த்தாள். தெருவைத் தாண்டினால் போதும். தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஜமாலு…”

“இன்னா லாத்தா?”

அவர் திரும்பிப் பார்த்தார். புடவைப் பொட்டலத்தை மார்போடு அணைத்து, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷமாக நின்றார்.

“ஒண்ணுமில்ல. கொடையச் சரியாப் புடி. பொடவ நனையுது.”

பிற்காலத்தில் சர்புன்னிசா எத்தனையோ விஷயங்களை மறந்தாள். அந்த மழையை மட்டும் மறக்க முடியவில்லை.

தை பிறந்து நிக்காஹ் நடந்தது. ஆசியா கல்யாண வீட்டில் ஓடியாடித்தான் வேலை செய்தாள். வட்டலப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழியும்போது மட்டும் இடது கை ஒத்துழைக்காமல் போக, முட்டியை வைத்து அழுத்தினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஓ.டி.க்குப் புறப்பட்டு வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

“இப்பப் போவலாம் மதினி” என்றாள்.

சிதம்பரத்து டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரர். அதிகம் பேசாதவர். திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தவர் சீக்கிரம் பார்த்துவிட்டார். மார்பின் தோல் நாரத்தம்பழத் தோல்போலக் குழிகுழியாக இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது.

“எப்பலேருந்தும்மா இது?”

ஆசியா நாத்தனாரைப் பார்த்தாள். “ஆவணிலேருந்து” என்றாள் சர்புன்னிசா.

“உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா? அம்மா, அக்கா தங்கச்சி, சித்தி?”

“எங்கம்மா அதுலதாம்மா மௌத்தானாங்க.”

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆசியாவை வெளியே காற்றாட இருக்கச் சொல்லிவிட்டு, சர்புன்னிசாவை நிறுத்திக்கொண்டார்.

“நீங்க யாரு இவங்களுக்கு?”

“நாத்தனா.”

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

“கட்டின்னு எங்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஒண்ணுமிருக்காது. பால் கட்டிக்கிட்டு வர்றது உண்டு. நீர் கோத்துக்கிட்டு வர்றது உண்டு. வயசுப் பொண்ணுங்களுக்கு விரல் பட்டா நழுவி ஓடுற கட்டி உண்டு. அதுக்கெல்லாம் பயமே கிடையாது. இது அந்த மாதிரி இல்ல. வலிக்காம, நகராம, கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். இதுலயும் சின்னதா இருக்கப்பவே வந்தா அறுத்து எடுத்துரலாம். எடுத்துட்டு நல்லா இருக்கவங்க இருக்காங்க. இப்போ அக்குளுக்குப் போயிடுச்சு. கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்க மெட்ராஸுக்கு அனுப்புனாலும் அனுப்புவாங்க.”

“நாங்க தாயத்து, பத்து எல்லாம் போட்டோம்மா.”

“போட்டதில தப்பில்ல. இங்க வராம இருந்ததுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “இவங்களுக்குப் பொண்ணு இருக்கா?” என்று கேட்டார்.

“ஒண்ணு. இப்பத்தான் கட்டிக் குடுத்தோம்.”

“பொண்ணுக்கும் கட்டாயம் வரும்னு ஒண்ணும் இல்ல. ஆனா மத்தவங்களவிட ஜாஸ்தி கவனமா இருக்கணும். மாசத்துக்கு ஒரு தரம் குளிக்கிறப்போ அதுவே தடவிப் பாத்துக்கணும். ஏதாவது தட்டுப்பட்டா அன்னிக்கே வரணும். நல்ல நாள், கெட்ட நாள் பாக்கக் கூடாது.”

உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் கேட்டுக் கூட வந்திருந்த ஜமாலுதீன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மனைவியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அக்காவிடம் வந்தார். சர்புன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியம் செய்ததையும் சொன்னாள்.

“அவ பயந்தா. அவ பாத்த சாவு அப்படி” என்றார் ஜமாலுதீன். குரல் ஏறவில்லை. “நீ எதுக்கு பயந்தே? ஆவணிலேருந்து ஒரே வூட்ல சோறு திங்கிறோம். பொடவ எடுக்க வந்தமே, இந்தத் தெருவுலதானே நின்னோம்?”

“அமீரு தல மேல சத்தியம் வாங்கிட்டாடா.”

“அமீருக்கு அம்மா வேணாமா?”

அதன் பிறகு அவர் அவளை லாத்தா என்று கூப்பிடவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

கடலூரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஓ.டி.யில் சம்பந்தி வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. யாருக்குத் தெரியக் கூடாது என்று ஆசியா தன் உயிரைப் பணயம் வைத்தாளோ, அந்த வீட்டுக்கே நோயைத் தூக்கிக்கொண்டு போனாள். பெரிய டாக்டர் பார்த்தார். மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே ஊரார் மின்சாரம் என்கிற கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். தோல் கருகிப்போய் மறுபடி ஓ.டி.க்கே வந்து படுத்தாள். இனி அறுப்பதில் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பங்குனி வெயில். உப்பனாற்றுப் பக்கமிருந்து கருவாட்டு வாசம் அடித்தது. ஆசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. செய்னம்பு நொய்க்கஞ்சி காய்ச்சி, இடது கையால் கரண்டி பிடித்து ஊட்டினாள். சர்புன்னிசா கால்மாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அமீருன்னிசா புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துவைக்க அடுக்களைக்குப் போயிருந்தாள்.

“மன்னிச்சுருங்க சம்பந்தி” என்றாள் ஆசியா. “ஒங்க வூட்டுக்கு நோவுக்காரி பொண்ணக் குடுத்துட்டேன். சொல்லாம மறச்சுட்டேன்.”

செய்னம்பு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து, சர்புன்னிசா ஒருநாளும் தளர்ந்து பார்த்திராத அந்தத் துப்பட்டியை எடுத்துக் கொடியில் போட்டாள். ரவிக்கை ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வலது பக்கம் மார்பு இல்லை. தோளிலிருந்து விலா வரைக்கும் பழைய தழும்பு ஒன்று வெளுத்துக் கிடந்தது.

“பினாங்குல அறுத்தது. ஹபீபுக்கு அப்ப விவரம் தெரியாத வயசு. வூட்டுக்காரருக்குச் சீனத்து டாக்டர் ஒருத்தர் சிநேகம். புளியங்கொட்ட அளவுல இருக்கையிலயே இழுத்துட்டுப் போயிட்டாரு. நா அழுதேன், அடிச்சுக்கிட்டேன், கேக்கல மனுஷன். இன்னிவரைக்கும் கை மேல தூக்க வராது. வேற ஒரு கொறையும் இல்ல.”

ஆசியா அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டித் தொட்டும் பார்த்தாள்.

“இத்தன வருஷமாவா?”

“இத்தன வருஷமா.” செய்னம்பு ரவிக்கையைப் பூட்டிக்கொண்டாள். “நா சொல்ல வந்தது அது இல்ல. புரட்டாசில ஒங்க வூட்டுக்கு வந்தேனே, கட்டிப்புடிச்சப்போ தோள இப்படி இழுத்துக்கிட்டீங்க. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. நானும் அப்படித்தான் இழுத்துக்குவேன்.”

“தெரிஞ்சும் கேக்கலியே சம்பந்தி?”

“கேட்டா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துக்கிட்டு மீன் நல்லாருக்கு, சோறு நல்லாருக்குன்னு பேசிட்டுப் போயிட்டேன். மார் இல்லாதவ மவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டா என்னா பண்றதுன்னு.”

“எனக்கே இருக்கையில நா எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?” என்றாள் ஆசியா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நெஞ்சில் பிடித்துக்கொண்டது. செய்னம்பு அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். சிரித்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று சர்புன்னிசாவுக்குத் தெரியவில்லை. விசிறி கையிலேயே இருந்தது. விசிறத்தான் மறந்துபோனாள்.

வைகாசியில் ஆசியாவை லால்பேட்டைக்குக் கொண்டுவந்தார்கள். ஊரில் சாக வேண்டும் என்று அவளே கேட்டாள். குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதிக்கொண்டிருக்கையில், நல்ல வெயிலேறின நேரத்தில், மகளின் மடியில் மௌத்தானாள்.

அவளுக்காக ஃபாத்திஹா ஓதின அன்று பெண்கள் கூடத்தில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி, “இன்னா நோவு கடேசில?” என்று கேட்டாள். இன்னொருத்தி, “சொரந்தானே?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் முடிந்துபோகும். சர்புன்னிசா தலையாட்டவில்லை.

“சொரம் இல்ல. மாருல புத்து. ஆவணிலயே எனக்குத் தெரியும். வெளிய தெரிஞ்சா பொண்ணு வாழ்வு போயிடும்னு ரெண்டு பேரும் மூடி வெச்சோம். மூடி வெச்சதுலதான் போயிட்டா.”

மாரு என்ற சொல்லை அத்தனை பேர் நடுவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கிழவி, “ஃபாத்திஹா வூட்ல இன்னா பேச்சு இது” என்று முனகினாள். செய்னம்பு மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். “எனக்கும் இருந்துச்சு. காலத்துல அறுத்துட்டாங்க. அதனாலதான் இங்க ஒக்காந்திருக்கேன்” என்றாள். அமீருன்னிசா மாமியாரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் முத்தம்மாள் வந்து நின்றாள். ஜமாலுதீனின் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள். கைப்பிள்ளைக்காரி. கூடையை இறக்கி வைத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

“அம்மா, நேத்து நீங்க உள்ள பேசுனது வாசல்ல வெத்தல எறக்கையில காதுல வுழுந்துச்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எனக்கும் ஒண்ணு இருக்குதும்மா. ஊட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லல.”

சர்புன்னிசா அடுப்பில் இருந்த உலையை இறக்கிவைத்தாள். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். “வா” என்றாள்.

“இப்பவேவா? வேல கெடக்குதும்மா.”

“கெடக்கட்டும். புள்ளயத் தூக்கிக்க.”

அடுத்த பஸ்ஸிலேயே சிதம்பரம் போனார்கள். டாக்டரம்மா திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்தார். “பால் கட்டிக்கிட்டிருக்கு. அவ்வளவுதான். புள்ளைக்கு அந்தப் பக்கமும் நல்லாக் குடுக்கணும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. கரையலேன்னா ஒரு வாரத்துல வந்து காட்டணும்” என்றார். பிறகுதான் சர்புன்னிசாவை அடையாளம் கண்டுகொண்டவராக, “அந்தம்மா?” என்று கேட்டார். சர்புன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேலே கேட்கவில்லை.

முத்தம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பிள்ளையைக் கொஞ்சினாள், டீ குடித்தாள், கொடிக்காலில் யார் யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். சர்புன்னிசா உம் கொட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரை நெடுக ஆட்கள் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நண்பகல் லுஹர் தொழுகைக்குக்கூட இன்னும் பாங்கு சொல்லவில்லை. ஜமாலுதீன் கொடிக்காலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் காலையில் பஸ் ஏறியதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் செம்பைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லயாம். வெறும் பால் கட்டு.”

“அல்ஹம்துலில்லா.” சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் கேட்டார்: “அதுக்குள்ளயா வந்துட்டே லாத்தா?”

கேட்டபிறகுதான் அவருக்கே அது உறைத்தது. செம்பைத் தொட்டி விளிம்பில் வைத்தார். சர்புன்னிசா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அவ்ளோதாண்டா நேரம் ஆவுது” என்றாள்.